தேத்தண்ணிக்குள் குளிசை

(பதில் தருபவர், மட்டக்களப்பு மாவட்டத்தில் 29 வருடம் உளநலத் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: மிஸ், என் தம்பிக்கு 23 வயது. போன பெரும்போக வெட்டு முடிந்த கையோடு தனியே கதைக்கத் தொடங்கினான். யாரோ காதுக்குள் ஏசுகிறார்கள் என்கிறான், சோற்றில் நஞ்சு வைக்கிறோம் என்கிறான். மந்திரித்துப் பேயோட்டும் கட்டாடியைக் கூப்பிட்டுப் பார்த்ததில் ஒரு சோடி மாடு விற்ற காசு போனது. பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்து குளிசை தந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் குளிசை வேண்டாம் என்கிறான். அம்மா தேத்தண்ணியில் கரைத்துக் கொடுக்கிறா. இரவில் எழும்பி வயல் பக்கம் போகிறான். யானை வரும் இடம் என்பதால் அப்பா காலில் கயிறு போட்டுக் கட்டுகிறார். நாங்கள் செய்வது பிழையா?
– ஒரு அக்கா, படுவான்கரை

பதில்: மகள், முதலில் தேத்தண்ணியைப் பற்றிக் கதைப்போம். ஏனென்றால் அதை நானும் செய்திருக்கிறேன்.

1994இல் என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, இதே வருத்தம். நான் தாதியாகி மூன்று வருடம். மண்முனைப் பாலம் 2014இல்தானே வந்தது, அந்தக் காலத்தில் பாதை என்கிற மிதவையில் வாவியைக் கடந்து, சென்றி என்கிற காவலரண்களைத் தாண்டி ஊருக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிடும். ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த குளிசையை இடித்துத் தயிரில் கலந்து வைப்பேன். ஒரு நாள் கோப்பையின் அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததை மாமா கண்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் கையால் எதையும் சாப்பிடவில்லை. உரிக்காத வாழைப்பழம், தானே வெட்டிய இளநீர், கோதோடு அவித்த முட்டை. மூன்று மாதம் இதுதான் சாப்பாடு. நஞ்சு வைக்கிறார்கள் என்று அவர் காதில் கேட்ட குரலை நானே உண்மையாக்கிவிட்டேன்.

உங்கள் தம்பியும் நஞ்சு என்றுதான் சொல்கிறான். அம்மாவுக்குச் சொல்லுங்கள், அந்தக் கலக்கலை இன்றோடு நிறுத்தட்டும். பாதித் தேத்தண்ணியை அவன் ஊற்றிவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று டொக்டருக்கும் தெரியாது. சில குளிசைகளை இடிக்கவே கூடாது.

சரி, அப்போது எப்படிக் குடுப்பது? மாமாவிடம் நான் ஒரு நாள் படியில் குந்தியிருந்து உண்மையைச் சொன்னேன். குளிசைப் பைக்கற்றை அவர் கையில் கொடுத்தேன். "இது எதுக்கு?" என்று கேட்டார். "உங்களுக்கு வருத்தம்" என்று நான் சொல்லவில்லை. அவர் அதை ஏற்க மாட்டார். "இரவில் அந்தச் சத்தம் குறையும், நித்திரை வரும்" என்றேன். நித்திரையில்லாமல் அந்த மனிதன் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்! நித்திரைக்காகத்தான் குடித்தார். தனக்கு வருத்தம் என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் குளிசை குடித்தார், வேளாண்மை செய்தார், மருமக்களைத் தோளில் தூக்கித் திரிந்தார். உங்கள் தம்பிக்கு எது கரைச்சலாக இருக்கிறது என்று அவனிடமே கேளுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஏன் வேண்டாம் என்கிறான் என்றும் கேளுங்கள். கை கால் இறுகுதல், நடுக்கம், வாயில் எச்சில் வடிதல், பகலெல்லாம் தூக்கம் எல்லாம் இந்த மருந்துகளால் வரலாம். ஓரிடத்தில் இருக்க முடியாமல் காலை ஆட்டிக்கொண்டு நடந்து திரிந்தால் அதை வருத்தம் கூடிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். பல நேரம் அது மருந்தின் வேலை. அளவைக் குறைக்கலாம், குளிசையை மாற்றலாம், அதற்குத் தனி மருந்தும் இருக்கிறது. கழுத்தோ நாக்கோ திடீரென்று ஒரு பக்கம் இழுத்தால் மட்டும் பொறுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு ஊசியோடு இறங்கிவிடும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம்.

தினமும் குளிசையோடு மல்லுக்கட்ட முடியாது என்றால் இரண்டு கிழமைக்கோ நான்கு கிழமைக்கோ ஒரு தடவை போடும் ஊசி இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள். அவன் வர மறுத்தாலும் நீங்கள் கிளினிக் கொப்பியோடு போய்க் கதைக்கலாம். உளநல மருத்துவ அதிகாரியிடம் இரவு நடையைச் சொல்லுங்கள். மருந்தை இரவு வேளைக்கு மாற்றினாலே சிலர் விடியும்வரை தூங்குவார்கள்.

கயிறு. உங்கள் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையை யானை அடித்துவிடும் என்று பயந்த மனிதன் அவர். ஆனாலும் கயிற்றை அவிழ்க்க வேண்டும். கட்டிய காலில் புண் வந்து புழு வைத்ததை என் கையால் கழுவியிருக்கிறேன். கதவில் ஒரு மணியைக் கட்டுங்கள், வாசலுக்குக் குறுக்கே அப்பா படுக்கட்டும், ஒரு நாள் அப்பா, ஒரு நாள் மச்சான். கஷ்டம்தான். மருந்து பிடிக்கும் வரைக்கும்தான் இந்தக் காவல், அதற்குச் சில கிழமை எடுக்கும்.

கட்டாடி விஷயத்தில் ஒன்று. வைகாசிச் சடங்கில் தெய்வம் ஏறி ஆடுபவர்களை நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். உடுக்குக்கு வரும், சடங்கு முடிய இறங்கும், அடுத்த நாள் அந்த ஆள் வயலுக்குப் போவார். உங்கள் தம்பிக்கு உடுக்கு இல்லாமலே சாமம் இரண்டு மணிக்குக் குரல் வருகிறது, இறங்கவே இல்லை. இரண்டும் ஒன்றல்ல. நூல் கட்டுங்கள், நேர்த்தி வையுங்கள், அது உங்கள் மனத்துக்கு ஆறுதல். அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது மட்டும் கூடாது.

கேள்வி: மகன் இப்போது குளிசையோடு நல்லா இருக்கிறான். கல்யாணம் செய்து வைத்தால் முழுக்கச் சரியாகிவிடும் என்கிறார்கள். பெண் வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமா?
– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: சொல்லத்தான் வேண்டும் அம்மா. நம் ஊரில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போவது. புது வீட்டில், மாமி கண்ணில் படாமல் குளிசை குடிக்க முடியுமா? மறைப்பான், விடுவான், சில மாதத்தில் திரும்பவும் வார்ட்டில் நிற்பான். இப்படி வந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கல்யாணம் மருந்தல்ல. பெண்ணுக்குத் தெரிந்து, அவள் சம்மதித்தால் நடக்கட்டும், நல்லா வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வரப்போகிறவளை ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், அவள் கேட்க நினைப்பதை டொக்டரிடமே கேட்கட்டும்.

கேள்வி: மார்கழி வெள்ளத்தில் எங்கள் ரோட்டு மூழ்கிவிடும். கிளினிக் நாள் தவறினால் என்ன செய்வது?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: ஐப்பசிக் கிளினிக்கிலேயே சொல்லி, கூடுதல் நாளுக்கு மருந்து கேளுங்கள். கொப்பியையும் குளிசையையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். வழி தெரியாவிட்டால் 1926க்கு எடுங்கள், மனநல உதவி இலக்கம் அது. குளோசபீன் என்ற குளிசை குடிப்பவர் என்றால் மட்டும் கூடக் கவனம்: இரண்டு நாளுக்கு மேல் விடுபட்டால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது. தண்ணி வடிந்ததும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசியாகக் குடித்த நாளைச் சொல்லுங்கள்.