முட்டையிலிருந்து வந்து பத்து நாளாகியும் பால் பைத்தான் பாம்புக் குட்டிகள் இரை எடுக்கவில்லை. என்ன செய்வது?

முதல் சட்டையை உரித்துவிட்டனவா? கேள்வியில் அதைச் சொல்லவில்லை. உரிக்கவில்லை என்றால் இப்போதைக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். முட்டையின் மஞ்சள் கரு வயிற்றுக்குள் மிச்சம் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் சட்டை உரித்த பிறகுதான் பசி என்பதே வரும்.

நான் பொள்ளாச்சிப் பக்கம். என்னிடம் பிறந்த ஐந்தில் மூன்று, சட்டை உரித்த வாரமே சாப்பிட்டுவிட்டன. மற்ற இரண்டும் ஒரு மாதம் எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு என்னைவிடக் கவலை. "பால் பைத்தான்னு பேரு வெச்சுட்டுப் பால் ஊத்தாம இருந்தா எப்படி கண்ணு?" பந்து (ball) போலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. (பால் ஊற்றாதீர்கள். எந்தப் பாம்புக்கும் அது செரிக்காது.)

தப்பு என் மேல்தான். பெரிய கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தேன். மணிக்கொரு தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன், தினமும் எடுத்து எடை போடுவேன். இவற்றின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கம் கரையான் புற்றிலும் எலி வளையிலும் பகலெல்லாம் சுருண்டு கிடக்கும் ஜாதி. நம் தோட்டத்துப் புற்று மாதிரி இருட்டும் நெருக்கமும்தான் அதற்கு வீடு. அப்புறம் ஐந்து லிட்டர் டப்பாவில் காற்றுத் துளை போட்டு, குட்டிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தேன். பதுங்க ஒரு கொட்டாங்குச்சியை வாசல் வெட்டிக் கவிழ்த்தேன். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்!

சூடு ரொம்ப முக்கியம். டப்பாவின் ஒரு பக்கம் 31–32 டிகிரி, மறு பக்கம் 26 இருக்கட்டும். மார்கழிக் குளிரில் அறை வெப்பத்தை நம்ப முடியாது, அதனால் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வையுங்கள். குளிர்ந்த பாம்புக்கு இரை செரிக்காது.

இரையாக, கண் திறக்கும் பருவத்து வெள்ளைச் சுண்டெலிக் குஞ்சு கொடுங்கள். பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும். ஃப்ரீசரில் வைத்ததைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் முக்கி, நன்றாக வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். மேலுதட்டுக் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் இந்தப் பாம்பு இரையைக் கண்டுபிடிக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, நீள இடுக்கியில் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். வேண்டாம் என்றால் ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி. தினமும் நீட்டினால் பயந்துவிடும். உயிருள்ள பெரிய எலியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

என் இரண்டில் ஒன்று, எலியின் தலையை மட்டும் ஹேர் டிரையரில் சூடாக்கியதும் பாய்ந்து பிடித்தது. மற்றதற்குச் செத்த எலியைக் கொட்டாங்குச்சி வாசலில் வைத்து, டப்பாவைத் துணி போட்டு மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எலியைக் காணோம்.

வாயைத் திறந்து திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், குறைந்துகொண்டே போனால் ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிகளை, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களைப் பதியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்துவிட்டீர்கள்தானே? (இதைப் படிக்கும் யாரிடமாவது நம் ஊர்ச் சாரைக்குட்டி இருந்தால், வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள். 1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்க்கக் கூடாது.)

சாப்பிட்ட பின் இரண்டு நாள் தொடாதீர்கள். அந்தக் கடைசிக் குட்டியை நான் சந்தோஷத்தில் கையில் எடுத்தேன். விழுங்கிய எலி முழுசாக வெளியே வந்துவிட்டது. வயிறு தேற இரண்டு வாரம் விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.