எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்திருந்தால் எதை ஒப்பிடுவது?

வயிற்றுப்போக்கு எதனால் பரவியது என்று, நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு விசாரிக்கிறீர்கள். உங்கள் கேள்வித்தாளிலிருந்து "தொட்டித் தண்ணீரைக் குடித்தாரா, இல்லையா" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். உசிலம்பட்டி பக்கத்து ஊரில் வயிற்றுப்போக்கு வந்தவர்களும் வராதவர்களும் ஒரே மேல்நிலைத் தொட்டியை நம்பியிருக்கிறார்கள் என்கிறீர்கள். அங்கே அந்தக் கேள்வி எந்த வேறுபாட்டையும் காட்டாது. எந்தத் தெருக்குழாய், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர், காய்ச்சினார்களா என்று கேளுங்கள். குடித்த அளவு கூடக் கூட நோயும் கூடினால் அது வலுவான சான்று.

தொட்டியைவிடக் குழாயின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அழுத்தம் குறைவென்று நம் ஊர்களில் குழாயடியில் பள்ளம் தோண்டி, குடத்தை உள்ளே இறக்கிப் பிடிப்பார்கள். அந்தப் பள்ளத்தில் சாக்கடை தேங்கும். விநியோகம் நின்றதும் குழாய் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

1. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளியிட்டு, அதன்மேல் குழாய்ப் பாதையை வரையுங்கள். வால்வு திறப்பவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பூமிக்கடியில் எது எங்கே போகிறதென்று அவருக்குத்தான் தெரியும்.

2. கடைசித் தெருக்குழாயில் எஞ்சிய குளோரினை, அதாவது கலந்ததில் செலவானது போகத் தண்ணீரில் மிஞ்சியிருக்கும் அளவை, பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அந்தப் பாதையில் கசிவைத் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு எடுத்த தண்ணீர் மாதிரியில் கிருமி இல்லை என்று வந்தால், தண்ணீர் குற்றமற்றது என்று எழுதிவிடாதீர்கள். மாதிரிப் புட்டியில் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் இல்லையென்றால், ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குளோரினே கிருமிகளைக் கொன்றிருக்கும்.

சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் நடத்தும் களப்பயிற்சி போன்ற எந்தப் பயிற்சியில் நீங்கள் இருந்தாலும், ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். தெருக்குழாய் மாதிரியை எடுத்த கையோடு, இன்றே குளோரின் கலக்கச் சொல்லிவிடுங்கள்.