மிளாவின் காதுக்கு எட்டாமல்: முதன்முறை மானைப் பதுங்கிப் பார்க்கச் செல்வோரின் கேள்விகளும் பதில்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைக்கும் காளிகேசத்துக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில் முப்பது ஆண்டுகளாக, கையில் துப்பாக்கி இல்லாமல், உரிய அனுமதியோடு மான்களின் பின்னால் நடந்து வருகிறேன் என்பதைத் தவிர இக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. நண்பர்கள் எழுதித் தந்தவற்றில் ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, மீதியை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: எங்கள் தாத்தா திருவிதாங்கூர் காலத்தில் மிளா (கடமான்) வேட்டைக்குப் போனவர். நானும் ஒரு முறையாவது போக விரும்புகிறேன். அதற்கு லைசென்ஸ் கிடைக்குமா சார்?

கிடைக்காது தம்பி. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். நம் மாவட்டக் காடுகளில் 402 சதுர கிலோமீட்டர் பரப்பு 2008 முதல் சரணாலயமாகவும் இருப்பதால், அதற்குள் வேட்டையாடினால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. கொல்வதை மட்டுமே சட்டம் வேட்டை என்று சொல்லவில்லை. துரத்துவது, கண்ணி வைப்பது, உப்போ தீனியோ வைத்து வரவழைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அதில் அடங்கும். ஆகவே படம் எடுப்பதற்காகத்தானே என்று மானை ஒரு பக்கமிருந்து ஓட்டிவிடச் சொல்பவரும் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார்.

ஆனால் உங்கள் தாத்தாவிடம் இருந்த வித்தையில் குண்டுக்கு உரியது கடைசி ஒரு நொடிதான். அதற்கு முந்தைய மூன்று மணி நேரம், அதாவது தடம் பார்ப்பதும் காற்றை அறிவதும் அசையாமல் நிற்பதும் இன்றும் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன. இனி வரும் பதில்கள் எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றியவை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: அனுமதி யாரிடம் கேட்க வேண்டும்? எந்த மாதம் நல்லது?

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் நோக்கத்தை எழுதி விண்ணப்பியுங்கள். பார்வையாளர்களுக்கென்று வனத்துறை திறந்துவிட்டிருக்கும் பாதைகளைத் தாண்டி, துறையின் ஆள் உடன் வராமல், ஓர் அடிகூட வைக்கக்கூடாது. ரப்பர்த் தோட்டங்களின் வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு என்பதால் ஜூன் முதல் டிசம்பர் வரை அட்டைக் கடிதான் முதல் அனுபவமாக இருக்கும். ஜனவரி மாதத்தில் மழை ஓய்ந்திருக்கும், தரையில் ஈரம் மிச்சமிருக்கும், சருகு நொறுங்காது. மார்ச்சில் ஓடைகள் சுருங்கித் தண்ணீர் உள்ள இடங்களுக்கு மான்கள் வந்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது காய்ந்த ரப்பர் இலைமேல் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அடியும் அப்பளம் நொறுங்குவதைப் போலக் கேட்கும்.

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: நம் காடுகளில் என்னென்ன மான்கள் உள்ளன? தடத்தை வைத்து எப்படிப் பிரித்தறிவது?

முதலில் மனதில் கொள்ள வேண்டியது மிளா. கடமான் என்று புத்தகங்களில் வருவதும் இதுவே. தோள் உயரம் ஏறக்குறைய நான்கடி வரும், ஆண் மிளாவாக இருந்தால் 200 கிலோவைத் தாண்டக்கூடிய பெரிய விலங்கு. அடுத்தது கேளையாடு, இரண்டடி உயரம், 20 முதல் 28 கிலோ எடை, நாய் குரைப்பதைப் போன்ற குரல். சருகுமான் ஓர் அடி உயரம்கூட இருக்காது, கொம்பும் கிடையாது; உயிரியலார் அதை உண்மையான மான் குடும்பத்திலேயே சேர்ப்பதில்லை. அது இரவில் நடமாடுவது என்பதால் முதல் நடையில் அதைப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

தடத்தில் தொடக்கக்காரரைக் குழப்புவது காட்டுப்பன்றி. பன்றியின் குளம்புத் தடத்துக்குப் பின்னால், சற்று அகன்று, இரண்டு சிறு குத்துகள் பதிந்திருக்கும். கெட்டியான தரையில் மிளாவின் தடத்தில் அவை பெரும்பாலும் பதிவதில்லை. தடத்தைவிட எனக்குப் பிடித்த சான்று வேறொன்று உண்டு. நெல்லிமரம் காய்த்திருக்கும் காலத்தில், மரத்திலிருந்து சற்றுத் தள்ளி, நிழலான இடத்தில், சதை முழுவதும் போய்ச் சுத்தமான நெல்லிக்கொட்டைகள் ஒரு கைப்பிடி அளவுக்குக் குவிந்து கிடப்பதைக் காணலாம். காயை விழுங்கிய மான் அங்கே படுத்து அசைபோட்டுக் கொட்டையைத் துப்பியிருக்கிறது என்று அதற்குப் பொருள். கொட்டைகள் இன்னும் ஈரமாக இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு நாலாபக்கமும் பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் இளைஞர்: வனத்துறை நடையில் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் ஓடுகிற மிளாவின் வாலை மட்டுமே பார்த்தேன். சத்தமே போடவில்லை அண்ணாச்சி. எங்கே தவறு?

சத்தம் போடவில்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். உங்கள் வாசம் முன்னால் போயிருக்கும். மிளாவுக்குக் கண் நடுத்தரம், காது கூர்மை, மூக்கோ இவ்விரண்டையும் விஞ்சியது. கண்ணில் பட்டதைப் பற்றி அது சற்று நேரம் ஐயப்படும், காதில் விழுந்ததைப் பற்றியும் ஐயப்படும், மூக்கில் ஏறியதைப் பற்றி மட்டும் ஐயமே படாது.

மலைச்சரிவில் காற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. இரவெல்லாம் குளிர்ந்து கனத்த காற்று விடியலில் சரிவின் வழியே கீழே வழிந்துகொண்டிருக்கும். வெயில் ஏறிப் பாறை சூடானதும் அதே காற்று திரும்பி மேலே ஏறத் தொடங்கும். ஆகவே விடிந்தவுடன் மானுக்குக் கீழேயிருந்து ஏற வேண்டும், ஒன்பது மணிக்குமேல் மானுக்கு மேலேயிருந்து இறங்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் எட்டு மணிக்குச் சாயா குடித்துவிட்டு அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கி, காற்று திரும்புகிற அந்த நேரத்தில் சரிவின் நடுவில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் கதை வேறு: முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து ஒரே வேகத்தில் வீசும். திசை மாறாது என்பது வசதி போலத் தோன்றினாலும், இலைகளின் இரைச்சலில் காது பயன்படாத மான் அந்நேரம் பதற்றத்திலேயே இருக்கும் என்பதால் நெருங்குவது இன்னும் கடினம்.

காற்றை அறிய விரல் நனைத்துப் பார்ப்பது போதாது. ஒரு சிட்டிகைத் திருநீறு உதவும். இலவம்பஞ்சின் ஒற்றை இழை அதைவிட நல்லது, ஏனெனில் அது இருபதடி தள்ளிப் போய் ஒரு பாறையின் பின்னால் சுழன்று திரும்புவதையும் காட்டிக்கொடுக்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். வழிகாட்டியாக வந்த, இந்த மலைகளின் பழங்குடியான காணிக்காரப் பெரியவர் ஒருவர், ஓடைக்கு அப்பால் ஈற்றை என்னும் காட்டு மூங்கில் புதரைக் காட்டிக் கண்ணால் ஒரு சாடை செய்தார். எனக்குப் புதர் மட்டுமே தெரிந்தது. கால் மணி நேரம் கழித்து அதிலிருந்த ஓர் இலை தனியாகத் திரும்பியது; அது இலையில்லை, காது. அதன்பிறகே கண், மூக்கின் ஈரப் பளபளப்பு, கழுத்தின் கீழே முடி உதிர்ந்து சிவந்திருந்த வட்டம் என ஒவ்வொன்றாகப் புலப்பட்டு ஒரு முழுப் பெண் மிளா உருவாகி வந்தது. நாற்பதடி தூரம்தான் இருக்கும். மகிழ்ச்சியில் வியர்வையைத் துடைக்கத் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினேன். உதறிய சத்தத்துக்கு அது தலையை மட்டும் உயர்த்தியது. துண்டிலிருந்த வியர்வை வாசம் ஓடையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோதுதான் பிடரி மயிர் சிலிர்த்தது, முன்னங்கால் தரையில் ஒரு முறை ஓங்கி விழுந்தது, பிறகு தகர டப்பாவைத் தட்டியது போன்ற ‘பொங்க்’ என்ற ஒலியோடு வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. துண்டை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

காற்று சரியாக அமைந்தபின் நடை. குளம்பைப் போலக் காலை ஊன்றாமல், பாதத்தின் வெளி விளிம்பை முதலில் வைத்து, கீழே சுள்ளி இல்லை என்று உணர்ந்தபிறகு எடையை இறக்குங்கள். மான் தலை தாழ்த்தி மேயும்போது நகருங்கள், நிமிரும்போது நில்லுங்கள். ஐயம் கொண்ட மான் மேய்வது போலத் தலையைத் தாழ்த்திச் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பாசாங்கில் ஏமாறாதவர் மிகச் சிலரே. மரத்தின் மேலும் கவனம் வேண்டும். மலையணிலோ கருமந்தியோ உங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டால் கீழே உள்ள மான்களுக்கும் செய்தி போய்விட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவது நல்லது.

திங்கள்நகரிலிருந்து ஒருவர்: என்ன உடை, என்ன உணவு?

மானுக்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், நீலம் மட்டும் நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆகவே நீலம் போட்டு வெளுத்த வேட்டியைவிடப் பழைய காவி நிறச் சட்டை மேல். சலவைத்தூளின் பளிச்சிடும் பொருள்களும் அதன் கண்ணில் படும் என்பதால் வெறும் தண்ணீரில் அலசி எடுத்து வாருங்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம், பீடி கூடவே கூடாது. அட்டைக்குப் புகையிலைத் தூள் பூசுவதும் வாசத்தால் கெடுக்கும்; முழங்கால் வரை வரும் துணி உறை போதும். நேந்திரங்காய் வற்றலைப் பாக்கெட்டோடு கொண்டுவராமல் துணியில் முடிந்து கொண்டுவாருங்கள்.

பூதப்பாண்டியிலிருந்து ஒரு குடும்பத்தலைவி: சத்தமில்லாமல் நடக்கச் சொல்கிறீர்கள். ஆனை எதிரே வந்தால்?

அக்கா, இத்தனை கேள்விகளில் மிகச் சரியான கேள்வி இது. மானுக்குத் தெரியாமல் நடப்பதற்கு நாம் செய்யும் ஒவ்வொன்றும், அதாவது காற்றுக்கு எதிரே போவது, பேசாமலிருப்பது, புதரோரமாக நகர்வது எல்லாமே யானைக்கும் காட்டெருமைக்கும் நம்மைத் தெரியாமல் ஆக்கிவிடுகின்றன. பதினைந்தடியில் திடீரென்று மனிதனைக் கண்ட யானை ஓடுவதா மிதிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்காது. அதனால் முன்னால் நடப்பவர் வனத்துறைக் காவலராகவோ அவர் அழைத்து வந்த காணிக்காரராகவோ மட்டுமே இருக்க வேண்டும். ஆவி பறக்கும் யானைச் சாணமோ, முறிந்து சாறு வடியும் ஈற்றையோ கண்ணில் பட்டால் அன்றைய நடை அத்துடன் முடிந்தது. மிளாவைப் பார்க்காமல் திரும்பி வருவதில் எந்த வெட்கமும் இல்லை. நான் போன நாட்களில் பாதிக்குமேல் அப்படித்தான்.

கொல்லங்கோட்டுக்காரர், இப்போது ஸ்காட்லாந்தில் பணி: இங்கே அலுவலக நண்பர்கள் மான் வேட்டைக்கு அழைக்கிறார்கள். இது முறையானதுதானா? போகலாமா அண்ணே?

அங்கே அது சட்டப்படியானது. ஓநாய்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதால் செம்மான்களை அடக்க விலங்கு எதுவும் இல்லை; மான்கள் பெருகினால் மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை என்பதால் ஆண்டுதோறும் ஒரு பகுதியைச் சுட்டுக் குறைக்கிறார்கள். பெண் மான்களுக்கு அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை பருவம். ஆண் மான்களுக்கு இருந்த தடைக்காலம் 2023-இல் நீக்கப்பட்டது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் ஒரு நாள் வெறுங்கையோடு அவர்கள் பின்னால் சென்றிருக்கிறேன். புதியவரை முதலில் அட்டைக் குறியில் சுடச் சொல்கிறார்கள். அது தேறாவிட்டால் மலைக்குக் கூட்டிப் போவதில்லை. அதன்பிறகு அந்த எஸ்டேட்டின் வேட்டைத் தலைவர் துப்பாக்கியை உறையோடு தாமே சுமந்து வருகிறார். மரமற்ற சதுப்பு நிலம் என்பதால் கடைசி இருநூறு அடியை வயிற்றால் ஊர்ந்து கடக்க வேண்டும்; சட்டைக்குள் குளிர்ந்த நீர் இறங்கும். தோளுக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் அவர் சுட விடுவதில்லை. அன்று காற்று திரும்பியதால் ஒரு குண்டுகூட வெடிக்காமல் இறங்கினோம். அவர் பையிலிருந்து எடுத்து ஊதிக் காற்றைப் பார்த்த பொடியைக் கண்டபோது எனக்குத் திருநீறு நினைவுக்கு வந்தது. போவதும் போகாததும் உங்கள் மனச்சாட்சி. சுடாமல் உடன் மட்டும் வருகிறேன் என்றாலும் அவர்கள் தவறாக நினைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கேமரா பற்றிக் கேட்ட மூவருக்கும்: முதல் முறை கொண்டுவர வேண்டாம். எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் வாய் கொண்ட இருகண் நோக்கி ஒன்று போதும்.

ஒன்பது வயது மகனை அழைத்து வரலாமா என்று கேட்ட தந்தைக்கு: காட்டுக்கு வேண்டாம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறை வளர்க்கும் மான்களிடம் கூட்டிப்போங்கள். வேலிக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தச் சத்தத்துக்கு எந்தக் காது திரும்புகிறது என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

அழகியபாண்டியபுரத்திலிருந்து ஒருவர்: நடையின்போது உதிர்ந்த மிளாக் கொம்பு ஒன்று கிடந்தது. யாரும் கொல்லாததுதானே, எடுத்து வந்து வீட்டில் மாட்டலாமா?

கூடாது. ஆண் மிளா ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கிறது என்பது உண்மை. ஆனாலும் உதிர்ந்த கொம்பும் அரசின் சொத்தே, வைத்திருப்பது குற்றம். அதைத் தேடி வரும் வேறொருவரும் காட்டில் இருக்கிறார். அடுத்த முறை அந்தக் கொம்பைப் புரட்டிப் பாருங்கள்: உளியால் வரிவரியாகச் சுரண்டியதைப் போன்ற தடங்கள் இருந்தால், சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளம்பன்றி இரவில் வந்து கொறித்துவிட்டுப் போயிருக்கிறது.