71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் சூடு குறையுமா?

மேடு ஏறும்போது பழைய லாரியின் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது, அதனால் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு 71 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன்.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீருக்கு வழிவிடும் கதவு, அவ்வளவுதான். அதற்குச் சொன்ன டிகிரி சூட்டில் திறக்கத் தொடங்கும். இன்னும் பத்து டிகிரி போல ஏறினால் முழுக்கத் திறந்துவிடும். முள் சிவப்புக்குப் போகும் நேரத்தில் 82-ம் 71-ம் ஒரே மாதிரி திறந்துதான் கிடக்கும். அப்புறம் என்ன லாபம்? சமதரையில் இன்ஜின் குளிர்ந்தே ஓடும், ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும். சுத்தமாகக் கழற்றிவிட்டு ஓட்டுவது அதைவிட மோசம்.

முதலில் இருக்கிற தெர்மோஸ்டாட்டைச் சோதியுங்கள். பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். 82-ஐ ஒட்டி வால்வு மெல்ல விலகி, 95-க்குள் நன்றாகத் திறந்தால் அதில் குறையில்லை. ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் கிளட்ச் (சூட்டுக்கேற்ப ஃபேனைச் சுழலவிடும் பாகம்), தளர்ந்த பெல்ட் பக்கம் பாருங்கள். என் சந்தேகம் ரேடியேட்டர்மேல்தான். மேட்டில் மட்டும் சூடேறுவது பெரும்பாலும் அதன் வேலை.

திறக்கவில்லையா? கம்பெனி சொன்ன அதே டிகிரியில் புதிது போடுங்கள். ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் இருக்கட்டும். காற்றுப் போகும் சின்ன ஓட்டை இருந்தால் அது மேலே வரவேண்டும்.