வாசகர் கேள்வி: கீழ்த்தளத்தில் காதணி விழா, வாசலில் துளசி

கேள்வி: பேரனுக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் காதணி விழா வைக்க நினைக்கிறோம். 120 பேர் வருவார்கள். எங்கிருந்து தொடங்குவது? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

பதில்: அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் நகர மன்றத்துக்குப் போங்கள். கீழ்த்தளம் அவர்கள் பொறுப்பில் உள்ள இடம். அனுமதி, வைப்புத்தொகை, மின்சாரக் கட்டணம் எல்லாம் அவர்களிடம்தான். நகருக்கு நகர் தொகை மாறும் என்பதால் தெம்பனிஸில் உறவினர் யாரோ கட்டியதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். விண்ணப்பத்தில் பலர் முகூர்த்த நேரத்தை மட்டும் எழுதிவிடுகிறார்கள். மேசை, நாற்காலி ஏற்றிய லாரி முதல் நாள் மாலையே வந்து நிற்கும், திரும்ப எடுத்துப்போக மறுநாள் காலைகூட ஆகலாம். அந்த நேரமும் அனுமதியில் இருக்க வேண்டும்.

துக்கத்துக்கு முன்பதிவு கிடையாது என்பதையும் மனத்தில் வையுங்கள். உங்கள் விழா நாளில் அதே புளோக்கில் ஈமச்சடங்கு நடக்க நேரலாம். பக்கத்துப் புளோக்கில் மாற்றிடம் கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டு வையுங்கள். இடம் மாறினால் விருந்தினர் அழைத்துக் கேட்க ஒரே ஒருவரின் எண்ணை அழைப்பிதழில் போடுங்கள். அந்த ஒருவர் சடங்கில் மடியில் பிள்ளையை வைத்து உட்காரும் தாய்மாமனாக இருக்கக் கூடாது!

விழாவைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மின்சாரம். நம் ஊர் 13 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். பெரிய வெந்நீர்க் கொதிகலன் ஒன்றே 2,000 முதல் 2,500 வாட் வரை இழுத்துவிடும். காப்பிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் சுவிட்ச் விழும், நாதஸ்வர இசையும் அதோடு நிற்கும். கொதிகலனுக்குத் தனி இணைப்பு, ஒலிபெருக்கிக்குத் தனி இணைப்பு என்று வாடகைக் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தற்காலிக இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே கொடுக்க வேண்டும். இரண்டாவது மாடி வீட்டுச் சன்னலிலிருந்து கம்பியைத் தொங்கவிடும் யோசனை வேண்டவே வேண்டாம். சுருள் கம்பி வந்தால் முழுவதையும் இழுத்து விரித்துவிடுங்கள். சுருட்டியபடியே அதிகச் சுமை ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

சாப்பாட்டுக்கு, பச்சை அரிசியோ புழுங்கல் அரிசியோ, ஆளுக்கு 100 கிராம் வீதம் 120 பேருக்கு 12 கிலோ. பிரியாணி என்றால் ஒரு கிலோ பாஸ்மதி 8 முதல் 10 பேருக்கு வரும் என்று வையுங்கள். அளவைவிட நேரம்தான் முக்கியம். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். அதனால் சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். உணவு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து இதைக் கணக்கிடக் கூடாது, சமைத்து முடித்த நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். சமையல் நிறுவனம் ஒட்டி அனுப்பும் நேரச்சீட்டைப் பாருங்கள். காலை 9 மணிக்குச் சமைத்ததைப் பந்தி தாமதமாகி 2 மணிக்குப் பரிமாறினால் வயிற்றுவலிக்கு அழைப்பு வைத்தது போலத்தான். முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னியும் தயிர்ப் பச்சடியும். மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் நம் வழக்கம் அன்பானதுதான், ஆனால் இந்த ஊர் வெயிலில் பட்சணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தோரணத்தைத் தூணில் கயிற்றால் கட்டுங்கள். ஆணியும் வேண்டாம், சாயத்தைப் பெயர்த்தெடுக்கும் ஒட்டுநாடாவும் வேண்டாம். வாழைக்கன்றை ஈரமணல் நிரப்பிய வாளியில் நிறுத்தினால் சாயாது. தீயணைப்பு வண்டி வரும் பாதையில் லாரியோ கூடாரமோ நிற்கக் கூடாது. எச்சில் இலைகளைக் குப்பைக் குழாயில் திணித்தால் அடைத்துக்கொள்ளும். தடித்த பைகளில் கட்டி, நகர மன்றம் சொல்லும் தொட்டியில் சேருங்கள். வைப்புத்தொகை முழுதாகத் திரும்புவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

கேள்வி: அதே விழாவில் மாமாக்கள் இரவு பீர் போத்தலோடு கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டால்? (அதே வாசகி, சற்றுக் கவலையுடன்)

பதில்: 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. கீழ்த்தளமும் பொது இடமே. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை: அங்கே வார இறுதியில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்க முடியாது. மாமாக்களை 10 மணிக்கே வீட்டுக்குள் அழைத்துவிடுங்கள்.

கேள்வி: வாசலுக்கு வெளியே நடைபாதையில் துளசி மாடம் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டார் புகார் செய்வோம் என்கிறார்கள். (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: முதலில் அளவுநாடாவை எடுங்கள். நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். தீ விபத்தில் ஆட்கள் வெளியேறவும் தூக்குக்கட்டில் போகவும் தேவையான இடம் அது. மாடத்தின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். பக்கத்தில் சாய்த்து வைத்த சைக்கிளும் செருப்பு அலமாரியும் கணக்கில் சேரும். தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றி இடம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், கீழே போகிறவர் தலை உங்கள் பொறுப்பாகிவிடும். விளக்கை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவதும் கூடாது.

கொசுவையும் கவனியுங்கள். ஏடிஸ் முட்டை, கொசுவாகி வெளியே வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். தினமும் துளசிக்கு நீர் ஊற்றுகிறவர் வீட்டில் அடித்தட்டில் தேங்கும் நீர்தான் அதற்குத் தொட்டில். தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை போகாது. இறுகிப்போன மண்ணைக் கிளறிவிட்டால் மேலே நீர் நிற்காது. இதையெல்லாம் செய்தும் எதிர்வீட்டார் சமாதானமாகாவிட்டால் சமூக சமரச நிலையத்துக்குப் போகலாம். அங்கே நடுவராக இருப்பவர்கள் தொண்டூழியர்கள். தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலையில்லை, இருவரையும் பேசவைப்பதே வேலை.

கேள்வி: தனியாக வசிக்கும் என் அம்மாவிடம் திறன்பேசி இல்லை. சிடிசி பற்றுச்சீட்டை எப்படிப் பயன்படுத்துவது? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: சிடிசி பற்றுச்சீட்டு என்பது குடும்பங்களின் செலவுக்கு அரசாங்கம் தருவது, வீட்டுக்கு ஒன்று. அம்மாவின் முகவரியில் உள்ள ஒருவர் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னியல் அடையாளம்) மூலம் பெற வேண்டும் என்பதால் வேறு வீட்டில் இருக்கும் நீங்கள் உங்கள் சிங்பாஸைப் போட்டால் உங்கள் வீட்டுப் பற்றுச்சீட்டுதான் வரும். அம்மாவைச் சமூக மன்றத்துக்கு அழைத்துப் போங்கள், அங்கே உதவி செய்து தாளிலும் அச்சடித்துத் தருவார்கள். பாதித் தொகை உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், பாதி பேரங்காடிக்கும். ஒன்றை மற்றதற்கு மாற்ற முடியாது. 2, 5, 10 வெள்ளிச் (சிங்கப்பூர் டாலர்) சீட்டுகளாக இருக்கும், மீதிச் சில்லறை கிடையாது. 4.60 வெள்ளிக்கு 5 வெள்ளிச் சீட்டைக் காட்டுவதைவிட 4 வெள்ளியைச் சீட்டிலும் 60 காசைக் கையிலிருந்தும் கொடுக்கலாம்.

அந்தத் தாளும் பற்றுச்சீட்டின் இணைய இணைப்பும் ரொக்கம் மாதிரி. யார் கையில் கிடைத்தாலும் செலவழிக்கலாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அரசாங்கக் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ (gov.sg) என்ற ஒரே பெயரில் வருகின்றன. வேறு பெயரில் வந்து வங்கி விவரம் கேட்டால் தொடாதீர்கள், சந்தேகம் இருந்தால் மோசடி பற்றிய உதவி எண் 1799க்கு அழையுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும்? (ஹவ்காங் வாசகி)

பதில்: எங்கும் போக வேண்டாம். 2022 மே 29 முதல், மருத்துவர் மரணத்தை இணையத்தில் சான்றளித்ததுமே பதிவும் தானாக நடந்துவிடுகிறது. முதல் வேலை மருத்துவரை வீட்டுக்கு வரவழைப்பது. நோய் விவரம் இல்லாமல் அவர் தடுமாறுவார், ஆகவே மருந்துச் சீட்டுகளையும் மருத்துவமனைக் கடிதங்களையும் எடுத்து வையுங்கள். காரணம் தெரியாவிட்டால் காவல்துறைக்குத் தகவல் போகும், அதைக் குற்றமாக நினைத்துப் பதற வேண்டாம். மின்னியல் சான்றிதழை ‘மை லெகசி’ என்ற அரசாங்க இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் 16ஆம் நாள் கழிந்து மறந்தேபோகும். அன்றே இறக்கி இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தியைக் கடலில் கரைக்க, புலாவ் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டரில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், படகு அமர்த்திப் போகலாம். கலயத்தையும் துணியையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். சுவா சூ காங்கில் 2021இல் திறந்த அமைதித் தோட்டத்தில் தரையில் தூவலாம், ஆனால் அங்கே சமயச் சடங்குக்கு அனுமதியில்லை. ஐயரை வைத்துச் செய்ய விரும்பினால் அதைத் தோட்டத்துக்குப் போகும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.