ஹெல்த் ஆப் தினமும் ஞாபகப்படுத்தியும் பழக்கம் ஏன் மாற மாட்டேங்குது?

பழக்கத்த மாத்துற ஆப்னா ஸ்டெப் கணக்கு காட்டுறது மட்டும் இல்ல, சரியான நேரத்துல ஒரு சின்ன வேலைய செய்ய வைக்கிறது. ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில பழக்கங்கள பத்தி ஆராயுற பி.ஜே. ஃபாக் சொல்றது இதான்: ஆசை, சுலபம், தூண்டுதல் மூணும் ஒண்ணா சேரணும், இல்லன்னா நடக்காது. பெங்களூரு அல்சூர்ல காலைல சமைக்கப் போற நேரத்துக்கு கீரை வண்டி வாசலுக்கே வருது, வாங்கிடுறோம், அதே வண்டி ராத்திரி 11 மணிக்கு வந்து கத்துனா யாரு வாங்குவா? சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிட்டு இருக்குறப்ப "எழுந்து நடங்க"னு வர்ற நோட்டிஃபிகேஷனும் அப்படித்தான், ரெண்டு தடவ பாத்துட்டு மியூட் பண்ணிடுவோம் (நான் பண்ணிட்டேன்). டிசைன் பண்றவங்க 10,000 ஸ்டெப்ல ஆரம்பிக்காம, சாப்பிட்டு கை கழுவுனதும் 5 நிமிஷம் நடங்கனு ஏற்கனவே இருக்குற பழக்கத்தோட ஒட்டணும். அப்புறம் 21 நாள்ல எல்லாருக்கும் பழக்கம் வந்துடும்னு நம்பாதீங்க, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வுல சராசரியா 66 நாள் ஆச்சு, அதுவும் ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறுச்சு.