தொப்பூர் கணவாயில் என் காரை லாரி பின்னால் இடித்துவிட்டது. கிளெய்முக்கு என்ன செய்வது?

யாருக்காவது காயம் என்றால் முதலில் 108. அப்புறம் இரண்டு வண்டிகளின் நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஆனால் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி இன்னொன்று வரலாம், சாலையில் நிற்காதீர்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

லாரிக்காரர் நீட்டும் பணத்துக்கு எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் மெக்கானிக் கை வைக்கக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். காயம் இருந்தால் எஃப்ஐஆர் அவசியம்.

முழுத் தொகையும் வராது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லையென்றால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிவில்லை. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம், அதாவது நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1000 ரூபாய்.